வசாய் கோட்டையில் சிக்னல் இருந்தது

செருப்பு ஸ்டாண்டின் மேல் கையுறைகள் கிடந்தன. முள்ளுக்கும் பாம்புக்கும் பயந்து நான் வாங்கிக் கொடுத்த தடித்த தோல் கையுறைகள். மகன் ஆறு மணிக்கே வசாய் கோட்டைக்குக் கிளம்பியிருந்தான். ஞாயிறுதோறும் அங்கே புதர் வெட்டிச் சுத்தம் செய்கிற குழுவில் அவன் சேர்ந்து எட்டு மாதம் இருக்கும். இருபத்து மூன்று வயது, வேலைக்குப் போகிறவன். இருந்தாலும் ஞாயிறு முழுக்க எனக்கு அந்தக் கோட்டையின் கிணறும் இடிந்த சுவரும்தான் கண்ணில் நிற்கும். கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. உள்ளே சிக்னல் கிடையாது என்று முதல் வாரமே சொல்லிவிட்டான்.

"நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்" என்றேன்.

"அவன் என்ன ஒண்ணாங்கிளாஸா? பேசாம உக்காருங்க" என்றாள் மனைவி.

உட்கார முடியவில்லை. ஹார்பர் லைனில் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தியிருந்தார்கள். திலக் நகரிலிருந்து ஆட்டோவில் குர்லா போய், தாதரில் மாறி, விரார் ரயிலைப் பிடித்தேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. பயந்தர் தாண்டிக் கழிமுகப் பாலத்தில் ரயில் ஓடியபோது, மகன் வேலை செய்வதைப் பார்க்கப் போகிறோம் என்று சின்னப் பெருமைகூட வந்தது.

வசாய் ரோடில் இறங்கி ஷேர் ஆட்டோவில் கோட்டைக்குப் போனேன். கூரை இழந்த ஒரு சர்ச்சின் முன்னால், கல்யாணம் ஆகப்போகிற ஜோடி ஒன்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் பத்துப் பேர் அரிவாளோடு குனிந்திருந்தார்கள். மகன் கண்ணில் படவில்லை. குழுவை நடத்தும் மராத்திப் பெண்ணிடம் போய், அவனுடைய அப்பா என்று சொன்னேன்.

அரிவாளைக் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அரே அங்கிள், நீங்களா!" இந்தியில் பதறினாள். "பைபாஸ் பண்ணி நாலு மாசம்தான் ஆகுது. தனியாவா ரயில்ல வந்தீங்க? அவன் எப்படி விட்டான்?"

யாருக்கு பைபாஸ் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் யாரோ பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார்கள். யாரோ தண்ணீர் நீட்டினார்கள்.

"உங்களைப் பாத்துக்கணும்னுதான் அவன் வர்றதில்ல. இந்தக் காலத்துல அப்படி ஒரு பிள்ளை!" என்றார் ஒருவர். பக்கத்து ஊர்க்காரி, வயதான பெண், என் கையைத் தொட்டு, "உங்களுக்காக எங்க சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்தினேன்" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? "இப்ப பரவாயில்லை" என்றேன். என் கை தானாக நெஞ்சுக்குப் போயிருந்தது.

அப்போது பையில் போன் அடித்தது. மனைவி. "போய்ச் சேந்தாச்சா? அவன் திட்டினானா?"

"அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். சிக்னல் முழுசாக இருந்தது.

மகனைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. ஒரு நிமிடத்தில் செய்தி வந்தது. அவனுக்குத் தமிழ் எழுத வராது, ஆங்கில எழுத்தில் தமிழ்: "கோட்டைல இருக்கேன்ப்பா. சிக்னல் இல்ல. ஈவினிங் பேசறேன்."

கோட்டைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அதை மூன்று முறை படித்தேன். கையுறைகளை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். "அவன்தான் குடுத்துவிட்டான்" என்று அதற்கும் ஒரு பொய். சிக்னல் இல்லை என்று எட்டு மாதம் என்னை ஏமாற்றியவனை அவர்கள் முன்னால் நல்லவனாக்கிவிட்டு ரயிலேறினேன்.

சாயங்காலம் வந்தான். ஒரு ஷூவைக் கழற்றியிருந்தான்.

"எனக்கு பைபாஸ் ஆச்சாமேடா?"

குனிந்தபடியே இருந்தான். "அங்க போனீங்களா? என்னை வேவு பாக்கவா?"

"கையுறை குடுக்கப் போனேன். நீ எங்க போற?"

"எங்கயும் இல்லப்பா. கல்யாண் ஸ்டேஷன் பக்கத்துல பிரெண்ட் ரூம். தூங்குவேன். படம் பாப்பேன். முதல் நாலு மாசம் நிஜமாவே கோட்டைக்குத்தான் போனேன். அங்க சிக்னல் இல்லன்னு சொன்னேனா, அதனால ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் நீங்க போன் பண்றதில்ல. மத்த நாள்ல எத்தனை தடவை பண்றீங்க தெரியுமா?"

"அதுக்கு என் நெஞ்சைப் பிளக்கணுமா?"

"வரலன்னு வேற என்ன காரணம் சொன்னாலும் குழுவுல வாராவாரம் கூப்பிடுவாங்கப்பா. அப்பாவுக்கு முடியலன்னா யாரும் கேக்க மாட்டாங்க." தயங்கிவிட்டு, "சாரி" என்றான்.

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவனைத் திட்டாமல், அவனுக்குக் காபி கலக்கத் திரும்பினாள். அவன் சொன்னதில் பாதியாவது நியாயம் என்று அவளும் நினைத்தாள் போலிருக்கிறது. அது எனக்கு இன்னும் வலித்தது.

அடுத்த ஞாயிறும் ஆறு மணிக்கே கிளம்பினான். நான் எங்கே என்று கேட்கவில்லை. அவனே வாசலில் திரும்பி, "கல்யாண்ப்பா. வேணும்னா போன் பண்ணுங்க, எடுப்பேன்" என்றான்.

எடுத்திருப்பான். ஆனால் எடுத்து எந்த ஊர்ப் பேரைச் சொன்னாலும், அது அந்த ஊர்தானா என்று இனி எனக்கு எப்படித் தெரியும்? நான் கூப்பிடவில்லை.