நான் இடம் சொல்லாத சனிக்கிழமைகள்

எனக்கு நடப்பது என்றாலே ஆகாது. ஊரில் இருந்தவரை பஸ்ஸுக்கு நடந்தேன், ரேஷன் கடைக்கு நடந்தேன், காலேஜுக்கு நடந்தேன். கார் வாங்கிய பிறகும் எதற்கு நடக்க வேண்டும் என்பது என் கட்சி. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாமே என் கட்சிதான். சனிக்கிழமை இந்தியக் கடை, பிறகு யார் வீட்டிலாவது சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது. யாராவது வாக்கிங் என்று ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினால் அவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று புரிந்துகொள்வோம்.

அதனால் என் மனைவி லைப்ரரியிலிருந்து ஒரு மடிப்புத் தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தபோது பீட்சா விளம்பரம் என்று ஓரமாகத் தள்ளினேன். பிரித்துக் காட்டினாள். சுற்றுவட்டாரத்தில் குழந்தைகளோடு நடக்கத் தோதான எட்டுப் பாதைகள், வரைபடத்தோடு. முதல் பாதை, காரில் பத்து நிமிடத்தில் இருந்த ஒரு பழைய ஊரைச் சுற்றியது. இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் குடியேறிக் கட்டிய ஊராம்.

"இந்த சனிக்கிழமை இங்க போலாங்க," என்றாள்.

நான் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தப் பிப்ரவரியில் எங்கள் இரண்டாவது குழந்தை எட்டாம் மாதத்தில் இறந்தே பிறந்திருந்தது. பையன். அதற்குப் பிறகு அவள் தனக்கென்று எதையுமே கேட்கவில்லை. சமைத்தாள், ஐந்து வயது மகளை ஸ்கூல் பஸ் ஏற்றினாள், போன் வந்தால் "நல்லாருக்கோம்" என்றாள். அவள் வாயிலிருந்து இரண்டு மாதத்தில் வந்த முதல் ஆசை இது. நடை என்ன, மலையே ஏறச் சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பேன்.

ஏப்ரல் கடைசி. வெயில் இருந்தது, சூடு இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் வெள்ளை அடித்த பலகை வீடுகள். ஒவ்வொன்றின் வாசலிலும் கட்டிய வருடத்தை எழுதி மாட்டியிருந்தார்கள். இவ்வளவு பழைய வீட்டை எங்கள் ஊரில் இடித்துவிட்டு மாடி எடுத்திருப்பார்கள் என்று சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. பழைய மில் ஒன்றின் குளம், அதில் எங்கள் மகளைத் துரத்திய வாத்துகள், பிறகு உழுது போட்டிருந்த ஒரு சோளக்காட்டின் வரப்பு. வரப்பைச் சுற்றிக்கொண்டு பாதை மறுபடி ஊருக்குள், ஒரு வெள்ளைச் சர்ச்சின் பின்பக்கம் வந்து சேர்ந்தது. அதற்குள் மூன்று பேருக்கும் நல்ல பசி.

பெரிய மேப்பிள் மரத்தடியில் ஒரு கல் மேசை இருந்தது. ஆறு குட்டைக் கால்கள், மேலே ஆள் நீளத்துக்கு ஒரு பலகைக்கல். "பாரு, வர்றவங்க உக்காந்து சாப்பிட மேசையே போட்டு வச்சிருக்கான். இதான் அமெரிக்கா," என்றேன். அவள் புளியோதரையையும் தயிர்சாதத்தையும் எடுத்து வைத்தாள். நான் அந்தக் கல்லின் நட்டநடுவில் மாவடு பாட்டிலை வைத்தேன். கொஞ்சம் தள்ளிப் புல்லில் சாய்ந்து நின்ற கற்கள் என் கண்ணில் படாமல் இல்லை. ஏதோ எல்லைக்கல் என்று நினைத்தேன். பசி வந்தால் நான் அப்படித்தான்.

மகள் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தாள். தன் தட்டை நகர்த்திவிட்டுக் கல்லில் படிந்திருந்த பாசியை விரலால் சுரண்டினாள்.

"அப்பா, திஸ் டேபிள் ஹேஸ் எ நேம்."

எனக்குப் புரிவதற்குள் நாயோடு வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் நின்றார். கோபப்படவில்லை, எழ வேண்டாம் என்று கையைக் காட்டினார். இந்தக் கல்லுக்கடியில் இருப்பவரைப் பார்க்க இருநூறு வருடமாக யாரும் வந்திருக்க மாட்டார்கள், சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடுகாட்டில், ஒருவரின் சமாதி மேல், புளியோதரை. அதுவும் பச்சை உடம்புக்காரியைக் கூட்டிவந்து. டப்பாக்களை அள்ளிப் பைக்குள் திணித்துவிட்டு நிமிர்ந்தால் அவளைக் காணவில்லை. இருபதடி தள்ளி, முழங்கால் உயரம்கூட இல்லாத சின்னக் கற்கள் ஒரு வரிசையாக இருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். குழந்தைகளின் கற்கள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"இங்க நிக்காத, வா. வான்னா வா!"

அவள் என் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பயந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் எல்லோரையும் தலைக்குக் குளிக்க வைத்து, போட்டிருந்த துணியையெல்லாம் துவைக்கப் போட்டு, மாவடு பாட்டிலைக் குப்பையில் எறிந்தேன். இனி நடையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று முடிவும் செய்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள், "நாளைக்கு அங்கயே போலாங்க," என்றாள்.

"எங்க?"

"போன வாரம் போனோமே, அங்கதான்."

தாளில் இன்னும் ஏழு பாதைகள் இருந்தன. ஆற்றங்கரை இருந்தது, ஆப்பிள் தோட்டம் இருந்தது. எதுவும் அவளுக்கு வேண்டாம். மே மாதம் முழுக்க, ஜூனிலும், சனிக்கிழமைதோறும் அதே தெரு, அதே வாத்து, அதே வரப்பு. சோளம் முளைத்து மகளின் முட்டி வரைக்கும் வந்துவிட்டது. கடைசியில் சர்ச்சின் பின்பக்கம் வரும்போது நான் நடையை எட்டிப் போடுவேன், அவள் மெதுவாக்குவாள். மகள் சின்னக் கற்களைப் படித்துக்கொண்டே வருவாள். "எயிட் மந்த்ஸ். த்ரீ டேஸ். அம்மா, த்ரீ டேஸ்ன்னா பேபியா?" அவள் "ஆமாடா" என்பாள். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். புண்ணை எதற்கு வாராவாரம் கிளறிக்கொள்கிறாள் என்று மனதுக்குள் திட்டுவேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு நாள், மகள் ஒரு வண்ணத்துப்பூச்சியின் பின்னால் ஓடியிருந்தபோது, மனைவியே கேட்டாள்.

"இங்கதானா?"

"என்ன இங்க?"

"நம்ம பாப்பா. இங்கதான் வச்சீங்களா? அன்னைக்கு நான் இந்த இடத்துல நின்னப்ப உங்க மூஞ்சி அப்படிப் போச்சே. அன்னையிலேர்ந்து பாத்துட்டே இருக்கேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

நான் மகள் ஓடிய பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தை போய்விட்டால் எரிப்பதில்லை, காரியம் கிடையாது. அப்பனும் சித்தப்பனும் துணியில் சுற்றி எடுத்துப்போய் எங்காவது புதைத்துவிட்டு வருவார்கள். இடத்தைப் பெற்றவளிடம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அங்கேயே போய்க் கிடப்பாள் என்று. அவளும் கேட்கக் கூடாது. இதெல்லாம் அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கேட்காமல் இருந்திருக்கிறாள். நானும் அப்படி, என் கையால், எங்கோ வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நான்கு மாதமாக நம்பியிருக்கிறாள்.

நான் எங்கும் வைக்கவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் அவள் மயக்கத்தில் இருந்தபோது ஒரு பெண் ஃபைலோடு வந்து, குழந்தையை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா, நாங்கள் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். நான் ஈரோட்டில் இருந்த அண்ணனுக்குப் போன் போட்டேன். "அதுக்கெல்லாம் ஒண்ணும் கெடையாதுடா. ஆஸ்பத்திரியே பாத்துக்கட்டும். அவகிட்ட ஒண்ணும் பேசாத," என்றான். அவள் கண் விழிக்கும்வரை பொறுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கே, எப்படி என்று அந்தப் பெண்ணிடமும் விசாரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய் வெண்டிங் மெஷினில் காபி எடுத்துக் குடித்தேன்.

இதை அந்தப் புல்லில் நின்றபடி அவளிடம் சொன்னேன். காபியையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "அப்ப உங்களுக்கும் தெரியாதா?" என்றாள். அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். நான் செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று நினைத்து, அதற்காக என் மேல் ஒரு மரியாதை வைத்து, வாராவாரம் என் பக்கத்திலேயே நடந்திருக்கிறாள். எனக்கு அன்று வந்த வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

திங்கட்கிழமை ஆபீசில் ஆள் இல்லாத மீட்டிங் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவு, அங்கிருந்து இன்னொன்று. ஒவ்வொரு பிரிவிலும் பிறந்த தேதியை மறுபடி சொன்னேன். கடைசியாகப் பேசிய பெண், லைனிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தேடினாள். எரிக்கவில்லை, இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய ஒரு பகுதியில் புதைத்திருக்கிறார்கள் என்றாள். இடுகாட்டின் முகவரி, பகுதி, வரிசை எல்லாம் நிதானமாகச் சொன்னாள். எழுதிக்கொண்டேன். நான் தினமும் ரயிலைப் பிடிக்கப் பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்குப் போகும் வழியிலிருந்து இரண்டு சிக்னல் தள்ளி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். பழைய ஊர் மாதிரி அங்கே பார்க்க எதுவும் இல்லை. கேட்டிலிருந்து தார்ப்பாதையில் கால் மணி நேரம் நடந்தோம். கம்பிவேலி ஓரமாக ஒரு புல்வெளி. கற்கள் கிடையாது. தரையோடு தரையாகப் பதித்த வட்டத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். எங்கள் எண்ணை நான்தான் கண்டுபிடித்தேன். அவள் குந்தி உட்கார்ந்து புல் மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவே இல்லை.

மகள் தகட்டைப் பார்த்தாள். அந்த ஊர்க் கற்களில் படித்துப் பழகியவளுக்கு அது போதவில்லை.

"இட்ஸ் ஒன்லி எ நம்பர். வாட்ஸ் ஹிஸ் நேம்?"

"பாப்பாக்குப் பேர் வைக்கலம்மா," என்றேன். "பொறந்ததுக்கு அப்புறம்தான் எல்லாரையும் கூப்பிட்டுப் பேர் வைப்பாங்க. நம்ம பாப்பாக்கு அது நடக்கல."

என் மனைவி தலையை நிமிர்த்தாமல் ஒரு பெயரைச் சொன்னாள்.

அந்த நிமிடத்தில் யோசித்துச் சொன்ன பெயர் இல்லை அது. முழுப்பெயரைச் சொல்லிவிட்டு, மகளுக்காக அதைச் சுருக்கி, செல்லமாகவும் ஒரு தடவை சொன்னாள். பல நாள் வாயில் புழங்கிய பெயர் மட்டும்தான் அப்படி வரும். மகள் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். என் பையனை அவன் அம்மா அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அதே வீட்டில்தான், அது தெரியாமல் நானும் இருந்தேன்.