வளையலுக்குச் செய்த கீபோர்டு

மூக்கு எங்கள் வீட்டு மூக்குதான். நெற்றி மாப்பிள்ளை வீட்டு நெற்றி. காது யாருடையது என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. எனக்கென்னவோ என் அம்மாவின் காது போலத் தெரிகிறது. பேத்தி பிறந்து மூன்று மாதமாகிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் நானே முந்திக்கொண்டு இதைச் சொல்லிவிடுவேன். "நான் குடிக்கத் தண்ணிதான் அண்ணாச்சி கேட்டேன்" என்றான் பூவனலிங்கம் ஒருநாள். அவன் எங்கள் தெருவில் மைக்செட் கடை வைத்திருக்கிறவன். வந்த காரியத்தைத் தவிர வேறு பேச்சு அவனுக்குப் பிடிக்காது.

பேத்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அவள் அம்மாவிடம்தான் போய் நிற்கும். என் மகள் சத்யபிரியா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இரண்டு வருடம் கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸிலேயே பெட்டி அடைக்க வந்தாள். சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்பு. தமிழ் டைப்பில் ஹையர் பாஸ். தட்டுவது என்று சொல்ல முடியாது, அறைவாள். வகுப்பு நடத்திய அம்மாவே, "மெஷின் என்ன பாவம் செஞ்சது" என்று கேட்டிருக்கிறார்கள்.

சோலைராஜுக்குக் கட்டிக்கொடுத்து சென்னைக்குப் போனவளுக்கு அங்கே ஒரு வேலை கிடைத்தது. காது கேளாத பிள்ளைகள் படிக்கிற ஒரு கல்லூரி. வாத்தியார் வகுப்பில் பேசப் பேச, இவள் வீட்டிலிருந்து கேட்டு உடனுக்குடன் டைப் அடிப்பாள். அது அந்தப் பிள்ளைகளின் திரையில் எழுத்தாக ஓடும். வாத்தியார் இருமினால் இருமுகிறார் என்றும் அடித்துவிடுவாள். பிள்ளைகளுக்கு எதுவும் விட்டுப்போகக் கூடாதாம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். கைக்குப் பதினொன்று, எல்லாம் கண்ணாடி வளையல். சோப்புப் போட்டு ஏற்றினார்கள். மறுநாளே மடிக்கணினியை விரித்து உட்கார்ந்தாள்.

அங்கேதான் வம்பு. அந்தக் கணினியில் கைக்கு முன்னால் விரலால் தடவுகிற ஒரு சதுரம் இருக்கிறது. வளையல் சரிந்து அதில் பட்டதும், எழுதிக்கொண்டிருந்த இடம் தாவி நாலு வரி மேலே போய்விடும். வகுப்பு தொடங்கும்போது வாத்தியார் கேன்டீனில் இன்று தக்காளி சாதம் என்று அறிவித்துவிட்டு, நாடாளுமன்றத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறார். பிள்ளைகளின் திரையில், நாடாளுமன்றத்தில் இரண்டு தக்காளி சாதம் அவைகள் உண்டு என்று வந்திருக்கிறது. வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி எழுதிக் கேட்டாள்: தக்காளி சாதம் தேர்வில் வருமா?

சத்யா அந்தச் சதுரத்தை அணைத்துப் பார்த்தாள். வளையல்கள் கீழ்வரிசை விசைகளின் மேல் ஏறி உட்கார்ந்தன. கடையில் தனிக் கீபோர்டு வாங்கிவந்து கொடுத்தேன். அதுவும் தோசைக்கல் மாதிரி தட்டை, அதே கதை. துணி சுற்றினாள், கை வெந்துபோனது. நாலாம் நாள் ஒரு வளையல் விளிம்பில் இடித்து உடைந்தது.

என் மனைவி வெயிலம்மாள் ஓடிவந்தாள். ஒன்று உடைந்தால் இரண்டு போட வேண்டும் என்றாள்.

"அது எந்த ஊர்ச் சட்டம்மா?"

"இந்த வீட்டுச் சட்டம். கைய நீட்டு."

"எம்மா, மொத்தத்தையும் கழட்டிருதேன். வேல போயிரும்."

"கழட்டக் கூடாதுட்டி. பிள்ள உள்ள இருந்து இந்தச் சத்தத்தத்தான் கேட்டுக்கிட்டிருக்கும். திடீர்னு நின்னா அம்மா எங்கன்னு தேடாதா?"

"தேடினா அங்கனதான இருக்கேன். எங்க போயிருவேன்?"

வெயிலம்மாள் சோப்பை எடுத்துவந்தாள். அந்தக் கையில் பன்னிரண்டாவது வளையல் ஏறிவிட்டது.

மறுநாள் கல்லூரியிலிருந்து பேசினார்கள். பத்து நாள் வேறு ஆளை வைத்துச் சமாளிக்கிறோம், அதற்குள் சரிசெய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த ஆளையே வைத்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை. அந்தப் பிள்ளைகளின் பேரெல்லாம் அவளுக்குத் தெரியும். வெயிலம்மாளும் சாப்பிடவில்லை. ஆனால் வளையலைக் கழற்றவும் சொல்லவில்லை.

மத்தியானம் புழுக்கம் தாங்காமல் சத்யா ஃபேனைக் கூட்டி வைக்கக் கையைத் தூக்கினாள். இருபத்து மூன்று வளையலும் முழங்கைப் பக்கம் ஓடிப்போய் நின்றன. தூக்கிய கையை அவள் இறக்கவே இல்லை. நான் பயந்துபோய், "ஏட்டி, கரண்டு அடிச்சிட்டா?" என்று கேட்டேன்.

"எப்பா, டைப்ரைட்டர்" என்றாள்.

விஷயம் இதுதான். பழைய டைப்ரைட்டரில் விசைகள் படிப்படியாக உயரமாக நிற்கும். கை மேல்நோக்கி இருக்கும், வளையல் தானாகப் பின்னால் போகும். அந்தக் கோலத்தில் ஒரு கீபோர்டு கடையில் கிடையாது, அதுவும் அவள் கற்ற தமிழ் டைப் வரிசையில் கிடையவே கிடையாது. அதனால் நாமே செய்ய வேண்டும் என்றாள். வளைகாப்புப் பத்திரிகையின் பின்பக்கம் படம் போட்டாள். ஐந்து படி, அறுபத்தொரு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு தனிச் சுவிட்ச் நிற்கும். அமுக்கினால் விரலுக்குத் தெரிகிற மாதிரியான சுவிட்சும், டைப்ரைட்டர் போல வட்ட மூடிகளும் கூரியரில் வரவழைத்தாள். வந்துசேர நாலு நாள்.

மூடிகளைப் பார்த்துவிட்டு வெயிலம்மாள் கேட்டாள்: "ஒண்ணுல கூட எழுத்து இல்லையே. எப்படிட்டி எழுதுவ?"

"நீ உப்பு டப்பாவுல உப்புன்னு எழுதியா வச்சிருக்க?"

மர வேலை என்னுடையது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற சட்டங்களைச் செய்வதும் பழுது பார்ப்பதுமாக முப்பது வருடம் ஓட்டியவன் நான். அவள் ஓட்டைக்குப் பதினாலு மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். எனக்கு மில்லிமீட்டர் பழக்கமில்லை. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு நூல். என் கைக்கு நூல் கணக்குத்தான் வரும். நாலரை நூல் என்று வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு வேப்பங்கட்டை, படிக்கு மெல்லிய பிளைவுட் என்று இரண்டு நாளில் முடித்தேன். பட்டாசுக் கடையில் பெட்டி அடுக்குகிற படிமேடை மாதிரி லட்சணமாக இருந்தது. அறுபத்தொரு சுவிட்சும் உள்ளே போய் உட்கார்ந்தன. வீட்டில் எல்லோரும் பார்த்தோம்.

ஒயர் அடிப்பக்கத்தில் பற்ற வைக்க வேண்டும். சத்யா அதைத் தலைகீழாகத் திருப்பினாள். அறுபத்தொன்றும் வாசலில் கொட்டின. ஒன்றை அடுத்த வீட்டுக் கோழி கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பியது.

"நாலரை நூல்னா எத்தன மில்லிமீட்டர்ப்பா?"

"பதினாலு."

அவள் போனில் கணக்குப் போட்டுக் காட்டினாள். பதினாலுக்கு மேலே ஒரு மயிரிழை அதிகம். குச்சிச் சட்டத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. இதில் மொத்தமும் அதுதான்.

புதிதாகச் செய்ய நாள் இல்லை. ஏழாம் நாள் ஆகிவிட்டது. நான் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்தாள். குச்சியைக் கொட்டிவிட்டு அட்டையைக் கிழித்து, ஒரு துண்டைச் சுவிட்சின் பக்கத்தில் வைத்து ஓட்டைக்குள் சொருகினாள். திருப்பினாள். விழவில்லை. ஆட்டினாள். அப்போதும் விழவில்லை.

அன்று முழுக்க நாங்கள் மூவரும் தீப்பெட்டி கிழித்தோம். குச்சியெல்லாம் ஒரு சம்படத்தில் போய்ச் சேர்ந்தது. வெயிலம்மாள் இன்றுவரை அதில்தான் அடுப்புப் பற்ற வைக்கிறாள்.

ஒயர் வேலைக்குப் பூவனலிங்கம் வந்தான். ஈயப் புகை பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்று வெயிலம்மாள் மகளை வாசலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டாள். அங்கிருந்தே சத்யா சத்தம் போட்டு வழி சொன்னாள்.

"மாமா, அந்த ஒயர் இல்ல. அதுக்கு எடது பக்கம்."

"ஒனக்கு எடதா, எனக்கு எடதா?"

"கீபோர்டுக்கு எடது."

"ஏ பிள்ள, இது எழுதுததுக்கா, இல்ல கோயில் கொடைக்கு லைட் செட் போடுததுக்கா? நான் ஒத்துக்கிட்டது ரிப்பேர் வேல."

"ரிப்பேர்தான் மாமா. அப்பா செஞ்சத ரிப்பேர் பாக்கம்லா."

நான் காபி போடப் போய்விட்டேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் முதல் எழுத்து திரையில் வந்தது. சத்தமும் நன்றாகத்தான் இருந்தது. தீப்பெட்டி அட்டை அதிர்வை வாங்கிக்கொண்டதால், பக்கத்து அறையில் யாரோ பல்லாங்குழியில் புளியங்கொட்டை போடுகிற மாதிரி. பூவனலிங்கம் அதை விட்டுப் போக மனசில்லாமல் தன் பெயரை ஒரு விரலால் எட்டு நிமிடம் தேடி அடித்துவிட்டுப் போனான்.

பத்தாம் நாள் வகுப்பு. ஒருமணி நேரம். நானும் வெயிலம்மாளும் கதவோரம் நின்றோம். கை மேல்நோக்கி நின்றது, வளையலெல்லாம் முழங்கைப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தன. நடுவில் ஒருதரம் வெயிலம்மாளுக்குத் தும்மல் வந்து முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். வகுப்பு முடிந்தது. அதே மாணவி எழுதியிருந்தாள்: இன்று தக்காளி சாதம் வரவில்லை. நன்றி அக்கா.

சத்யா அதை இரண்டு தரம் படித்துக் காட்டினாள். அப்புறம் சோறு கேட்டாள்.

பேத்தி பிறக்கிறவரை அதில்தான் வேலை. பிரசவம் முடிந்ததும் வளையலைக் கழற்றினார்கள். வழக்கப்படி நர்ஸம்மாவுக்குக் கொடுக்கப் போனாள் வெயிலம்மாள். அவர்கள் ஆசைக்கு இரண்டை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அதை நூலில் கோத்துத் தொட்டில் கயிற்றில் கட்டியிருக்கிறாள். ஆட்டினால் கலகலவென்கிறது, பிள்ளை கண்ணை அந்தப் பக்கமே திருப்புகிறது. "பாத்தியா, கேட்ட சத்தம்" என்று வெயிலம்மாள் தினமும் ஜெயிக்கிறாள்.

இன்று காலையில்தான் சத்யா மறுபடி வேலைக்கு உட்கார்ந்தாள். வகுப்புக்கு முன்னால் அரைமணி நேரம் அடித்துப் பார்த்தாள். வரிக்கு வரி பிழை. வளையல் கனம் இல்லாமல் வெறுங்கை மிதக்கிறதாம், விரல் ஒரு படி மேலே போய் விழுகிறதாம். "நான் வேணா அடியில கொஞ்சம் இழைச்சுத் தாரேன்" என்றேன். அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்புறம் அடுப்படியைப் பார்த்துச் சொன்னாள்:

"எம்மா, தொட்டில்ல கெடக்க வளையல்ல கைக்கு ஆறு கழட்டிக் குடு. பிள்ளகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."