நான் சொல்லிக்கொடுத்த இரண்டு வரிகள்

விடுப்பில் வரும் மிஷனரிகளைச் சபைகள் சும்மா விடுவதில்லை. வயிறு நிறையச் சாப்பாடு போடுவார்கள், பிறகு படம் காட்டச் சொல்வார்கள். எல்லார் கையிலும் மொபைல் வந்துவிட்ட காலத்திலும் நாங்கள் ஒரு பழைய சிலைட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லண்டனில் மோர்டனுக்கும் ஆர்ச்வேக்கும் அலைந்தோம். எங்கள் படங்களில் ஞானஸ்நானம் குறைவு, மிருகங்கள் அதிகம். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. "பாம்பு பல்லி எல்லாம் சரி. எத்தினை பேர் ரட்சிக்கப்பட்டவை?" என்று ஓர் அக்கா கேட்டே விட்டா. மனுஷர் கமராவைக் கண்டால் வெட்கப்படுவார்கள், மிருகங்களுக்கு வெட்கம் இல்லை என்று என் கணவர் சிரித்துச் சமாளித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அக்காவின் தட்டில் இருந்த இரண்டாவது ரோல்ஸைப் பிடுங்கி எடுக்கலாம் போல இருந்தது.

நாங்கள் படித்துப் பட்டம் பெற்ற மிஷனரிகள் அல்ல. அவர் முப்பது வருடம் லண்டனில் ஒரு பாண் பேக்கரித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்தவர். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள். ஊழியத்துக்குப் போகவேண்டும் என்று கலியாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் வீட்டுக்கடன், பிறகு பிள்ளைகளின் படிப்பு என்று காலம் போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு மிஷன் எங்களை ஏற்றுக்கொண்டு நமீபியாவுக்கு அனுப்பியது. பாலைவன ஓரத்தில் ஒரு பள்ளிக்கூட விடுதி. நான் சமையல், அவர் சாரதி. தூரத்துப் பண்ணைகளிலிருந்து பிள்ளைகளைப் பிக்கப்பின் பின்னால் ஏற்றிக்கொண்டு வருவதும், வருத்தக்காரரை மண் பாதையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும்தான் அவருடைய ஊழியம்.

அங்கே இருந்த நான்கு வருடங்களைப்போல என் வாழ்க்கையில் சந்தோஷமான காலம் வேறு இல்லை. விடியற்காலையில் ஜெபம் பண்ணப் போகிறோம் என்று விடுதியில் சொல்லிவிட்டு மிருகம் பார்க்கப் போவோம். நீர்க்குட்டைக்குப் பக்கத்தில் பிக்கப்பை நிறுத்தி, பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணீரைக் குடித்தபடி இருப்போம். நீண்ட நேர்க்கொம்புள்ள ஓரிக்ஸ் மான்கள் அவசரமே இல்லாமல் வந்து குடித்துவிட்டுப் போகும். பனிமூட்டம் வந்த காலைகளில் ஒரு கறுப்பு வண்டு மணல்மேட்டில் தலைகீழாக நிற்கும். அதன் முதுகில் படிகிற ஈரம் வழிந்து வாய்க்கு வரும். அதைப் பார்ப்பதற்காக இவர் அந்த வயதில் மணலில் குப்புறப் படுத்திருப்பார். எழுப்பிவிட நான்தான் கைகொடுக்க வேண்டும்.

விடுப்பு ஆறு மாதம். அது முடியும்போது மிஷன் அலுவலகத்தில் இருவரும் மருத்துவப் பரிசோதனையில் தேறினால் மறுபடியும் நான்கு வருடம் அனுப்புவார்கள். வாகனம் ஓட்டத் தகுதியில்லை என்றால் இல்லை. அந்த இடத்துக்கு வேண்டியது ஒரு சாரதி. எனக்கோ ஓட்டத் தெரியாது.

ஸ்ட்ரெதமில் ஒரு சபை மண்டபத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சிலைட் தட்டை நான் சமையலறையில் கைதவறி விழுத்திவிட்டேன். அவசர அவசரமாக அடுக்கியதில் வரிசை மாறிவிட்டது. அவருக்குச் சொல்ல நேரம் இருக்கவில்லை. திரையில் ஒரு தீக்கோழி பத்துக் குஞ்சுகளோடு நடந்துகொண்டிருக்கிறது. இவர் கோலை நீட்டி, "இந்த விரியனைப் பாருங்கோ, உடம்பு முழுக்க மணலுக்குள்ளை. கண் ரெண்டும் மட்டும் வெளியிலை" என்கிறார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சற்றுப் பிந்திச் சிரித்தார். பிறகு திரைக்குக் கிட்டப் போய், கோழி பார்ப்பதுபோல் தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் படத்தைப் பார்த்தார். எல்லாரும் அதையும் பகிடி என்றுதான் நினைத்தார்கள். எனக்கு மட்டும் அது பகிடியாகத் தெரியவில்லை.

நாங்கள் லண்டனுக்கு வருவதற்கு முந்திய மாதம், ஒரு பின்னேரம், ஒரு பெண் ஆடுகளோடு பாதையைக் கடந்தாள். நான் கத்தியிராவிட்டால் இவர் பிரேக் போட்டிருக்கமாட்டார். பிக்கப்பின் முன்பக்கம் அவளுடைய சேலைத்துணி போன்ற நீளப் பாவாடையைத் தொட்டுக்கொண்டு நின்றது. பின்னால் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். வெயில் கண்ணில் அடித்தது என்று சொன்னார். நானும் நம்பினேன்.

மோர்டனில் எங்களுக்கு ஒரு குடும்பம் மேல்மாடி அறை ஒன்றைத் தந்திருந்தது. அங்கே வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்குக் கண் தெரியுதோ இல்லையோ?"

கட்டிலில் இருந்தார்.

"ஓரத்தாலை தெரியுது. நடுவிலைதான் ஒரு கறுப்பு. போன வருஷம் அங்கத்தைய டொக்டரிட்டைக் காட்டினனான். ஒண்டும் செய்யேலாதாம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் ஓட விடமாட்டீர்."

கோபத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவர் என் கையைப் பிடித்தார். முப்பது வருடம் பாண் சுட்டதும் தேவனுக்காகத்தானோ என்று தனக்குத் தெரியாது, ஆனால் இந்த நான்கு வருடம் தேவனுக்காகத்தான் என்று தெரியும் என்றார். இங்கே இருந்தால் இந்த அறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்து செத்துப்போவேன் என்றார். "டொக்டருக்குச் சொல்லமாட்டன் எண்டு எனக்கு வாக்குத் தாரும்." அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரமும் நான் உருப்படியாகச் சாப்பிடவில்லை. ஜெபித்தால் வார்த்தை வரவில்லை. எனக்கும் போக ஆசைதான். அந்த நீர்க்குட்டையை இனிக் காணமாட்டேன் என்று நினைக்கவே விருப்பமில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்த ஒன்பது பிள்ளைகளும் பிக்கப்பின் பின்னால் பாடிக்கொண்டு வந்தார்கள்.

பரிசோதனைக்குப் போகிற அன்று, நொதர்ன் லைன் ரயிலில் தன் திட்டத்தைச் சொன்னார். போன தடவையும் அதே டொக்டர்தான், அதே எழுத்துப் பலகைதான், கதவுக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. மேலே இருக்கிற பெரிய எழுத்துகளை ஓரத்தால் பார்த்துச் சொல்லிவிடுவார். கீழே ஐந்தாம் வரியும் ஆறாம் வரியும்தான் வேண்டும். "முதல்லை நீர் உள்ளை போம். பாத்துப் பாடமாக்கிக்கொண்டு வந்து சொல்லும்." பிரசங்கத்துக்குப் புத்தகம் கொண்டுபோகாத மனிதர் அவர். நீளச் சங்கீதங்களையும் ஒரு சொல் தவறாமல் சொல்வார். பதினொரு எழுத்து அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். பலகை அதே இடத்தில் இருந்தது. வாசித்தேன். எல்லா வரியும் வாசித்தேன். பாடமாக்கவும் செய்தேன். அறுபத்தாறு வயதில் என் கண் அவ்வளவு நல்லாயிருக்கிறது என்று டொக்டர் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்கு அடித்ததுபோல் இருந்தது.

வெளியே வந்தபோது அவர் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். அவரைக் கூப்பிட இருபது நிமிடமாகும் என்று மேசையில் இருந்த பெண் சொன்னாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அதனால் நாங்கள் குரலைத் தாழ்த்தக்கூடத் தேவையில்லை.

"சொல்லும், சொல்லும்" என்று என் பக்கம் காதைச் சாய்த்தார்.

வாயைத் திறக்கும்வரை நான் எதையும் முடிவுசெய்திருக்கவில்லை. இதை யாரும் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. சரியான வரி என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொன்னது வேறு எழுத்துகள். அந்த நேரத்தில் வாயில் வந்த ஐந்து எழுத்து, பிறகு ஆறு எழுத்து. அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணி எண்ணிச் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் தடவை நான் திரும்பச் சொன்னபோது அதே பொய்யை அதே வரிசையில் சொன்னேன். மூன்றாம் தடவை அவரே சொன்னார், பிழையே இல்லாமல். "சரிதானே?" என்றார். "ஓம்" என்றேன்.

அவர் உள்ளே போன பிறகு கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டார்கள். அவர் வாசித்தது எனக்குக் கேட்டது. பெரிய எழுத்துகளைத் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். ஐந்தாம் வரி வந்ததும் குரல் தெளிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேதம் சொல்வதுபோல் நிமிர்ந்த குரலில் என்னுடைய ஐந்து எழுத்தையும் ஆறு எழுத்தையும் சொன்னார். டொக்டர் மறுபடி முயன்று பார்க்கச் சொன்னார். அவர் அதையே இன்னும் உறுதியாகச் சொன்னார். வாகனம் ஓட்ட அனுமதிக்க முடியாது என்று டொக்டர் சொன்னது எனக்குக் கேட்டது. நான் என் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

திரும்பி வருகையில் ரயிலில் எங்கள் முன்னால் யாரும் இருக்கவில்லை. ஏசுவார், கேட்பார், பலகையை மாற்றிவிட்டார்கள் என்றாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். ஸ்டொக்வெல் தாண்டிய பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீர் கவலைப்படாதையும். நீர் சரியாத்தான் சொல்லித்தந்தனீர். எனக்குத்தான் மாறிப்போச்சு. மண்டையிலை ஒண்டும் நிக்குதில்லை."

அந்த நிமிடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மிஷனிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அங்கே விட்டுவந்த எங்கள் தொலைநோக்கியை விடுதிக்கே வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதச் சொன்னார். பாலைவனத்தை இழந்ததை அவர் தாங்கிக்கொண்டார், நான்தான் தாங்கமாட்டார் என்று பயந்தேன்.

தாங்காதது வேறொன்று. சபையில் பிரசங்கம் கேட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டார். வசனம் மாறிச் சொல்லிவிடுவேன், புத்தகம் பார்க்கவும் கண் இல்லை என்றார். கடைக்குப் போகும்போது வாங்க வேண்டிய மூன்று சாமானையும் இரண்டு தடவை என்னிடம் கேட்டார். பிழை ஒன்றும் விடவில்லை. ஆனால் தன் ஞாபகத்தைத் தானே நம்பாமல் போய்விட்டார்.

இப்போதும் காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சங்கீதம் சொல்கிறார். இரண்டு வரிக்கு ஒருமுறை நிறுத்தி, என் பக்கம் முகத்தைச் சரித்து, "சரியே?" என்று கேட்கிறார். ஒரு சொல்லும் தவறியிருக்காது. "ஓம், சரி" என்கிறேன். நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்.