பெரியப்பா தெலுங்கில் சொன்ன பதில்

வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைப் பெரியப்பா வேப்பமரத்தடியில் கொண்டுவந்து போட்டு, தோளில் கிடந்த துண்டாலேயே துடைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆந்திரம் தனி மாநிலமாகிவிட்டிருந்தது. பிச்சாட்டூர்ப் பக்கத்துக் கிராமங்கள் யாருக்கு என்ற தகராறு மட்டும் ஓயவில்லை. யார் வீட்டில் என்ன மொழி என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்திருந்தார். அவர் தெலுங்குக்காரர். பெரியப்பா அவருக்கு இளநீர் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் தெலுங்கிலேயே பதில் சொன்னார். பெரிய வீட்டுக்காரரே அப்படிப் பேசும்போது நமக்கென்ன என்று ஊரே தெலுங்கில் பேசியது. எங்கள் அடுப்படியில் தமிழைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அதைச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

"நம்ம பாஷை தமிழுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேண்ணா?" என்று அவருடைய தம்பி, நாங்கள் நைனா என்று கூப்பிடும் என் அப்பா, கேட்டார்.

"வந்தவங்க பாஷைல பேசறதுதான்டா மருவாதி" என்றார் பெரியப்பா.

எங்கள் கொள்ளுத்தாத்தா கார்வேட்டிநகரம் ஜமீன் காலத்தில் பிழைக்க வந்து இங்கே குடியேறியவர். முள்காட்டை வெட்டி, கல் பொறுக்கி, மேட்டில் மானாவாரி நிலமும் பள்ளத்தில் கிணற்றோடு நஞ்சையும் உண்டாக்கினார். மேட்டில் வேர்க்கடலை பொய்த்தால் பள்ளத்து நெல்தான் எல்லோரையும் காப்பாற்றும். அதனால் தலைமுறை தலைமுறையாக யாரும் பாகம் கேட்டதில்லை. கேட்பதே பாவம் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம்.

எல்லை முடிவானபோது எங்கள் ஊரும் மேட்டு நிலமும் ஆந்திரத்தில் நின்றுவிட்டன. பள்ளம் அடுத்த கிராமத்தைச் சேர்ந்தது என்பதால் மதராஸ் பக்கம் போய்விட்டது. பிள்ளைகளைத் தமிழில் படிக்கவைக்க நைனா அந்தப் பக்கம் குடிபோக விரும்பினார். தலையைக் குனிந்துகொண்டு பாகம் கேட்டார்.

பெரியப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "எல்லாம் என் வாயால வந்த வினைடா. கெணத்து நெலம் மொத்தமும் நீயே எடுத்துக்கோ. மேடு எனுக்குப் போதும்" என்றார். நைனா மறுக்கவில்லை.

ஒருவர் விருந்தாளியிடம் தெலுங்கில் பேசியதாலா எல்லை மாறும்? எங்கேயோ, யார் யாரோ உட்கார்ந்து போட்ட கோடு அது. நைனாவுக்கு அது நன்றாகவே தெரியும். பெரியப்பாவுக்குத்தான் தெரியவில்லை.

பள்ளத்து நெல்லைத் தின்று நாங்கள் படித்து ஆளானோம். பெரியப்பாவின் பிள்ளைகள் காய்ந்த மேட்டை விட்டுவிட்டுத் திருப்பதிக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். குடும்பத்தை உடைத்தது தான்தான் என்று நம்பிக்கொண்டே அவர் செத்தார். "அது உன் தப்பில்லண்ணா" என்று நைனா அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால், கிணற்று நிலத்தில் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.