கர்டன் அக்கா வண்டி வாங்கிய கதை

அந்த வட்டாரத்தில் அவரைக் கர்டன் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஜன்னல் வெயில் தாங்காதவர்களும் எதிர்வீட்டுக்காரர் பார்வை தாங்காதவர்களும் அவருக்குத்தான் போன் செய்வார்கள். வந்து அளவெடுப்பார், துணி மாதிரிகளை விரித்துக் காட்டுவார், வீட்டில் தைத்து எடுத்துவந்து மாட்டிக் கொடுப்பார். இருபத்திரண்டு வருடத் தொழில்.

அதில் இருபது வருடம் அளவும் தையலும் மட்டும்தான் அக்காவின் வேலை. சுவரில் துளை போடுவது, ஏணியில் ஏறிக் கம்பி மாட்டுவது, வேன் ஓட்டுவது எல்லாம் கணவர் பொறுப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவர் கையிலிருந்த டீ டம்ளர் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். இடது கையும் இடது காலும் போயின. அன்றிலிருந்து எல்லா வேலையும் அக்கா தலையில். நாற்பத்தெட்டு வயதில் வண்டி ஓட்டப் பழகினார். முதல் மாதம் குப்பைத் தொட்டியில் இரண்டு தடவை இடித்தார். தொட்டி ஒரே தொட்டிதான்.

கணவரை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. ஒருமுறை விட்டுப் போனபோது குளியலறையில் வழுக்கி விழுந்து, அக்கா திரும்பும்வரை மூன்று மணி நேரம் ஈரத் தரையிலேயே கிடந்தார். அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் அவரையும் கூட்டிப் போனார். வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபி, மற்ற நாளெல்லாம் வாடிக்கையாளர் வீட்டு வாசல். ஒவ்வொரு முறையும் அவரை நாற்காலியிலிருந்து தூக்கி வேனில் ஏற்றவேண்டும், பிறகு இறக்கவேண்டும். வேனோ பழைய சரக்கு வேன், படி தொடை உயரம். அக்காவின் வலது தோள் தேய்ந்துபோனது. டாக்டரிடம் காட்டியபோது, “இனிமே எடை தூக்காதீங்கம்மா” என்றார்.

“சரிங்க டாக்டர். காத்துல மிதந்து ஏறச் சொல்லி அவர்கிட்ட சொல்லிடறேன்” என்றார் அக்கா. டாக்டர் சிரிக்கவில்லை. அக்காவும்தான்.

அந்த வேனும் ஒரு நாள் நடுரோட்டில் நின்றுவிட்டது. மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “அக்கா, இதுல உருப்படியா இருக்கறது ஹாரன் மட்டும்தான்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் கணவரும் வேறு வண்டி பார்க்கக் கிளம்பினார்கள். கூட வந்தவர் கணவரின் தம்பி. வண்டி விஷயத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்புகிறவர். அக்கா ஒரு டேப்பையும், துணி சுற்றிய எட்டடிக் கர்டன் கம்பி ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

முதலில் போனது புது வண்டி ஷோரூம். டை கட்டிய விற்பனையாளர் உள்ளே நிறம் மாறும் விளக்குகளைக் காட்டினார். பின்னால் என்ன வருகிறது என்று திரையில் தெரியும் என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “கடைசி சீட்டு தரையோட மடங்குமா?” என்று கேட்டார்.

மடங்கவில்லை. பாதி வரைக்கும் சாய்ந்து, அதற்கு மேல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அக்கா கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தார். அது ஓட்டுபவரின் காது வரும் இடத்தை உரசிக்கொண்டு போய்க் கண்ணாடியில் முட்டியது.

“மேடம், வீட்லேர்ந்தே கம்பி கொண்டு வந்தீங்களா?”

“இத ஏத்தறதுக்குத்தான் தம்பி வண்டியே.”

இரண்டாவது, பழைய வண்டி விற்பவரிடம் நின்ற வெள்ளை வேன். கம்பி தாராளமாகப் போனது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டதும் கொழுந்தனார் கண்ணை மூடித் தலையாட்டினார். கணவரின் முகத்தில் பல மாதமாகக் காணாத வெளிச்சம். அக்கா குனிந்து படியை அளந்தார். இருபத்தைந்து அங்குலம்.

“இதுதான் வண்டி” என்றார் கணவர். “கியர்ல ஒரு பிடி இருக்கு பாரு. இன்னும் ஆறு மாசத்துல நான் ஓட்டிடுவேன். நீ ஹாயா பக்கத்துல உட்கார்ந்துட்டு வா.”

இந்த ஆறு மாதத்தை அவர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுத்துப் பேச அக்காவுக்குத் தெம்பில்லை. டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

மூன்றாவது, ஒரு பல் டாக்டர் வீட்டில் ஏழு வருடம் ஓடிய மினிவேன். நிறம் இருமல் மருந்து சிவப்பு. உள்ளே நாய் வாடை. கியர் மாற்றும் வேலையே இல்லை, தானாக மாற்றிக்கொள்ளும். ஆனால் கதவு இரண்டு பக்கமும் வழுக்கித் திறந்தது, படி பதினைந்து அங்குலம்தான், கடைசி சீட்டு மடங்கித் தரையோடு தரையானது. கம்பி நேராகப் போய்ப் படுத்துக்கொண்டது.

கணவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. “கியர் இல்லாத வண்டி பொம்மை வண்டி. அதுவும் இந்தக் கலர்ல.”

“ஆமா அண்ணி, இத நாளைக்கு எவன் வாங்குவான்? வெள்ளைன்னா விக்கறப்ப கேக்கற ரேட்டு கிடைக்கும்” என்றார் தம்பி.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அக்கா தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து ஓரம் அடித்துக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் மாலை கணவரே கேட்டார், “கோவமா?”

“கோவமெல்லாம் இல்லைங்க. அலுப்பா இருக்கு.” அக்கா மிதியிலிருந்து காலை எடுத்தார். “வலது கை தோளுக்கு மேல வரமாட்டேங்குது. போன மாசம் ஒரு மாடி வீட்ல என்னால கம்பி மாட்ட முடியல. அந்த வீட்டம்மாவையே ஏணியில ஏத்திவிட்டு, நான் கீழ நின்னு பிடிச்சிக்கிட்டேன்.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொன்னா என்ன பண்ணுவீங்க?”

அக்கா கேட்டுவிட்டதற்காக வருந்தினார். ஆனால் மன்னிப்புக் கேட்கவும் அலுப்பாக இருந்தது. மறுபடி மிதியை அழுத்தினார்.

மறுநாள் பிசியோதெரபிக்கு டாக்சியில்தான் போகவேண்டியிருந்தது. முதலில் வந்த வண்டி சக்கர நாற்காலியைப் பார்த்ததும் வேகமெடுத்தது. இரண்டாவது, நின்று யோசித்துவிட்டுப் போனது. மூன்றாவது வண்டிக்காரர் கதவை மட்டும் திறந்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா கணவரின் அக்குளில் இடது தோளைக் கொடுத்துத் தூக்கினார். வழக்கமாக அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் கணவர், அன்று மூடவில்லை. அக்கா உதட்டைக் கடித்திருப்பதையும், கழுத்து நரம்பு புடைத்து நடுங்குவதையும் ஒரு சாண் தூரத்தில் பார்த்தார்.

சிகிச்சை முடிந்து அக்கா மருந்து வாங்கப் போயிருந்தபோது அவர் தம்பிக்குப் போன் போட்டார்.

“அந்த இருமல் மருந்து வண்டியப் பேசி முடிச்சிடுடா.”

“அண்ணா, திருப்பி விக்கறப்ப...”

“விக்கறதுக்கா வாங்கறோம்? உங்கண்ணி என்னத் தூக்கி ஏத்தறதுக்குடா.”

வண்டி வந்தது. நாய் வாடை போக அக்கா மூன்று நாள் எல்லாக் கதவையும் திறந்து போட்டிருந்தார். முழுதாகப் போகவில்லை.

இடையில் ஒரு விஷயம் நடந்தது. வலது காலும் வலது கையும் நன்றாக இருந்தால் கியர் இல்லாத வண்டியைச் சிலர் ஓட்டுகிறார்கள் என்று பிசியோதெரபி பெண் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை கணவர் அக்காவை வெளியே அனுப்பிவிட்டு டாக்டரிடம் அதைக் கேட்டார். இடது பக்கப் பார்வையும் குறைந்திருப்பதால் அது சரிப்படாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பாதி வழியில், “ஓட்டலாமான்னு கேட்டேன். முடியாதுன்னுட்டார்” என்றார். அவ்வளவுதான். அக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “ம்” என்றார். ஆறு மாதம் என்ற பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவில்லை.

புது வண்டியில் முதல் பெரிய வேலை ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கிடைத்தது. மூன்றாவது மாடி, ஒன்பது ஜன்னல். ஏணி ஏற ஒரு தச்சரைப் பேசி வைத்திருந்தார் அக்கா. ஆனாலும் எல்லாம் முடிய மத்தியானம் இரண்டு மணியானது. கீழே வந்து கதவைத் தள்ளினார். கணவர் நடு சீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதா? வீட்டுக்குப் போயிடலாமா?”

“ஒரு பத்து நிமிஷம்ங்க.”

அக்கா பின்பக்கம் ஏறி, மடக்கிய சீட்டின் மேல் மீந்த துணியை விரித்து, இன்னொரு துணிச் சுருளைத் தலைக்கு வைத்துக் காலை நீட்டிப் படுத்தார். வேலை நேரத்தில் அவர் படுத்ததே இல்லை. வலது தோளுக்கு அடியில் ஒரு மடிப்பைத் திணித்தார். கணவர் கையை நீட்டி ரேடியோவை நிறுத்துவதற்குள் அக்கா தூங்கிப்போயிருந்தார்.

பத்து நிமிஷம் முக்கால் மணி நேரமானது. குடியிருப்புக் காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார். கணவர் வலது கையால் பட்டனை அழுத்திக் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினார்.

“சார், இங்க ரொம்ப நேரம் நிறுத்தக்கூடாது. வண்டிய எடுங்க.”

“எடுத்துடலாம்” என்றார் கணவர், குரலைத் தாழ்த்தி. “டிரைவர் தூங்கறாங்க. மெதுவாப் பேசுங்க.”

காவலாளி எட்டிப் பார்த்தார். துணிகளுக்கு நடுவில் அக்காவின் செருப்பில்லாத பாதங்கள் தெரிந்தன. வேறெதுவும் கேட்காமல், வாசலில் தன் நாற்காலிக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.