உறைபெட்டியில் இருந்த மூன்று

வேலூரிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை போன் வரும். "இன்னும் வெச்சிருக்கலாமா மேடம்?" என்று கேட்பார்கள். வெச்சிருங்க என்பேன். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். போனை வைத்துவிட்டு மறுபடி பட்டு நூல் சுற்ற உட்கார்ந்துவிடுவேன். எதை வைத்திருக்கிறார்கள் என்பது ஆரணியில் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல் கடைசியில் அந்த மருத்துவமனைக்குப் போனவர்கள் நாங்கள். என் முட்டையையும் என் வீட்டுக்காரரின் விந்துவையும் கண்ணாடித் தட்டில் சேர்த்துக் கரு உண்டாக்கினார்கள். அதில் ஒன்று என் பெண்ணாகப் பிறந்தது. மூன்று மிச்சம். அடுத்த பிள்ளைக்கு ஆகும் என்று அவற்றை உறையவைத்தார்கள். ஆனால் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் என் கர்ப்பப்பையையே எடுக்கவேண்டியதாகிவிட்டது. அடுத்த பிள்ளை என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியும் அந்த மூன்றையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணுக்கே தெரியாத அளவுதான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தெரியாவிட்டால் என்ன, என்னுடையதுதானே.

இந்த வருஷம் போன் வேறு மாதிரி வந்தது. பேசியது அங்கே ஆலோசனை சொல்லும் பெண். "பத்து வருஷம் ஆகப்போகுது மேடம். அதுக்கு மேல வைக்கச் சட்டத்துல இடமில்ல. அப்படியே அழிய விட்டுடலாம். இல்ல, நீங்க ரெண்டு பேரும் சம்மதிச்சா ஆராய்ச்சிக்குக் குடுக்கலாம்" என்றாள்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். ஸ்டெம் செல் என்றாள். தமிழில் குருத்தணு என்கிறார்களாம். கருவிலிருந்து அதை எடுத்து வளர்த்தால் உடம்பின் எந்த உறுப்புக்கான அணுவாகவும் மாற்றப் பார்க்கலாமாம். வெளியூரில் அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஓர் ஆய்வகத்தில், இன்சுலின் சுரக்கும் அணுக்களை அப்படி உண்டாக்கப் பார்க்கிறார்கள் என்றாள். சுற்றிக்கொண்டிருந்த நூல் என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

என் பெண்ணுக்கு ஆறு வயதிலிருந்து சர்க்கரை. பெரியவர்களுக்கு வருகிற வகை இல்லை. உடம்பு இன்சுலினே சுரக்காத வகை. ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கு முன்னாலும் விரலில் குத்திப் பார்த்து, வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வாள். யாராவது அச்சச்சோ என்றால் எனக்குக் கோபம் வரும். அச்சச்சோ சொல்கிறவர்கள்தான் அடுத்த நிமிஷமே அவள் கையில் லட்டைத் திணிப்பவர்கள்.

"அது என் பொண்ணுக்கு ஆகுமாம்மா?" என்று கேட்டேன்.

"பொய் சொல்ல மாட்டேன் மேடம். உங்க பொண்ணுக்குன்னு எதுவும் வராது. என்னைக்காவது யாருக்காவது வரலாம். வராமலும் போகலாம்."

அந்த உண்மைக்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. கொடுத்துவிடலாம் என்று அப்போதே மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

வீட்டுக்காரர் தறியில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் நெய்வதை நிறுத்தினார். "நம்ம புள்ளைங்கள வெட்டிப் பாக்கச் சொல்றியா?" என்றார்.

"குடுக்கலன்னா குப்பைக்குத்தான் போவும். அது மட்டும் நல்லாக்கீதா?"

என் வாய் சும்மா இருக்குமா? "பட்டுக்கூட்டை வெந்நீர்ல போட்டு, உள்ள இருக்கற புழுவக் கொன்னுதானே நாம சோறு துன்றோம். அப்போ எங்க போச்சு இந்தப் பாவம்?" என்று கேட்டேன்.

"அதனாலதான் சொல்றேன். பண்ணது போதும்" என்றார். நான் நூல் சுற்றப் போய்விட்டேன்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு டீச்சர் குடியிருக்கிறார். சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர். என் பெண் படிக்கிற பள்ளிக்கூடத்தில்தான் வேலை. அவளுக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கினால் கொடுக்க எப்போதும் கைப்பையில் குளுக்கோஸ் வைத்திருப்பார். மனசு கேட்காமல் அவரிடம் மட்டும் சொன்னேன். முகம் வாடிப்போனது அவருக்கு. "கரு உண்டான அந்த நிமிஷமே அது ஒரு ஆள்தாங்க. அதை எடுத்து ஆராய்ச்சி பண்றது பாவம்" என்றார்.

"தூக்கிப் போடறது?"

"அதுவும் பாவம்தான். அப்படி வெளியில வெச்சி உண்டாக்கினதே தப்புன்னுதான் எங்க சபையில சொல்வாங்க."

அப்படி வெளியில் வைத்து உண்டாக்கியதில் ஒன்று கீழே வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, "தோ, அந்தத் தப்புதான் உங்களுக்கு டீ கொண்டாந்து குடுத்துச்சி" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. குளுக்கோஸ் மட்டும் அவர் பையில் இருந்துகொண்டுதான் இருந்தது, பெண் வந்து சொன்னாள்.

ஒருநாள் சாயங்காலம் நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தவள், பேச்சுக் குழறிச் சாய்ந்துவிட்டிருக்கிறாள். உடம்பெல்லாம் வேர்வை. அவர் தறிக்குழியிலிருந்து எகிறி வெளியே வந்து, சமையல்கட்டில் டப்பா டப்பாவாகக் கவிழ்த்துச் சர்க்கரையைத் தேடி, கரைத்து அவள் உதட்டுக்குள் தடவியிருக்கிறார். நான் வந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவர் சர்க்கரை கரைத்த டம்ளரை இன்னும் கீழே வைக்கவில்லை. சமையல்கட்டு முழுக்கப் பருப்பும் மிளகாயும் கொட்டிக்கிடந்தன.

அவள் விளையாடப் போன பிறகு சொன்னார். "குடுத்துடலாம். தறியில பாதி நெய்ஞ்ச பாவுநூல அறுத்து எறியறதுன்னா நமக்கு ஆவாது இல்ல? நம்மால முடிக்க முடியல. முடிக்கறவன் கையில குடுத்துடுவோம்."

ஆனால் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வருகிற விஷயமாக அவர் அதை நினைக்கவில்லை. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பது போல, பிள்ளையைத் தத்துக் கொடுப்பது போல முறையாகச் செய்யவேண்டும் என்றார். நாள் பார்த்து, தலைக்குக் குளித்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு போகவேண்டும். எனக்கும் அது சரியென்றே பட்டது. நாளும் குறித்தோம். அதற்குள் அவருடைய பங்காளி ஒருவர் இறந்துபோனார். பொதுச்சுவர் சண்டையில் வருஷக்கணக்காக முகம் பார்க்காத பங்காளி. இருந்தாலும் தீட்டு தீட்டுதான். தீட்டோடு யாராவது பிள்ளையைக் கொடுப்பார்களா? காரியம் முடிந்து, வளர்பிறையில் வேறு நாள் பார்த்தோம். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

சித்திரை பிறந்து ஒரு நல்ல நாளில் பஸ் ஏறினோம். நான் கல்யாணப் புடவை கட்டியிருந்தேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ. அதன் மேல், ரவிக்கைத் துணி அளவுக்கு அவரே நெய்த மஞ்சள் பட்டு. வெறுங்கையோடு எப்படிக் கொடுப்பது என்றார். எத்தனையோ புடவை நெய்திருக்கிறார், அந்தத் துண்டுக்குப் பட்ட பாடு எதற்கும் பட்டதில்லை.

மருத்துவமனையில் அந்த ஆலோசனைப் பெண் எங்களையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். பிறகுதான் சொன்னாள். ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருந்த அரசாங்க நிதி மார்ச்சோடு முடிந்துவிட்டது. புதிதாக ஒதுக்கவில்லை. இனிமேல் கரு எதையும் வாங்குவதில்லை என்று அவர்களிடமிருந்து தகவல் வந்திருக்கிறது.

"ஏம்மா ஒதுக்கல?"

"ரெண்டு விதமாப் பேசறாங்களாம் மேடம். கருவை வெச்சிப் பண்ற ஆராய்ச்சிக்கு ஜனங்களோட வரிப்பணத்தைக் குடுக்கறது நியாயமான்னு சிலர் கேக்கறாங்க. பெரியவங்க உடம்புல இருந்து எடுக்கற அணுவே போதுமேன்னு சிலர். முடிவு ஆகற வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்காங்க."

"முடிவு ஆவற வரைக்கும் நீங்க வெச்சிருங்களேன்."

"பத்து வருஷம் முடிஞ்சிடுச்சு மேடம். எங்களுக்கு அனுமதி இல்ல. நீங்க போன மாசமே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே சத்தம் போட்டேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. நியாயமா என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. மாடி வீட்டு டீச்சரும் அதையேதான் கேட்டார், என் வீட்டுக்காரரும் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் கொடுத்தால் பாவமா என்று கேட்க அத்தனை பேர் இருந்தார்கள். கொடுக்காவிட்டால் அந்த மூன்றும் எங்கே போகும் என்று கேட்க ஒருவர்கூட இல்லை. அந்தப் பெண்தான் அழிய விடுவதற்கான தாளை எடுத்து வைத்தாள், பாவம், அவள் வேலை அது. எங்களிடமே கொடுத்துவிட முடியுமா, ஒரு கைப்பிடி மண்ணாவது போடுகிறோம் என்று அவர் கேட்டார். மருத்துவக் கழிவு விதி இருக்கிறது, வெளியே தர முடியாது என்றாள். கழிவு என்ற சொல்லை அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

கையெழுத்துப் போட்டோம். பட்டுத் துணியை அவர் அவளிடமே கொடுத்துவிட்டார். "உங்களுக்குத்தான்மா. நல்லபடியாப் பேசினீங்க" என்றார். வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆரணி வந்து சேர்ந்தோம்.

என்றைக்குச் செய்வீர்கள் என்று கேட்டுவைத்திருந்தேன். சொல்கிறோம் என்றார்கள். அன்றைக்கு விளக்கேற்றி, அடுப்பு மூட்டாமல், தறியில் இறங்காமல் வீட்டோடு இருக்கலாம் என்று நாங்கள் பேசிவைத்திருந்தோம். வேறு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. போன் வரும் வரும் என்று காத்திருந்தேன். டீச்சர் தானாக மாடியிலிருந்து இறங்கி வந்து, மூன்றுக்காகவும் ஜெபம் பண்ணிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன்.

வைகாசியில் போன் வந்தது. வேறு யாரோ ஒரு பெண். எல்லாம் முடிந்துவிட்டது, இனி எங்கள் பெயரில் எதுவும் இல்லை என்றாள். எப்போது என்று கேட்டேன். போன புதன்கிழமை காலையில் என்றாள்.

சரிங்க என்று போனை வைத்துவிட்டுத் தறிக்குப் போய் அவரிடம் சொன்னேன்.

"புதன்கெழமையா?" என்று யோசித்தார். "புதன்கெழம காலையில நாம எங்க இருந்தோம்?"

எனக்கு ஞாபகம் இருந்தது. களம்பூரில் ஒரு கல்யாணம். பெண் பாயசம் கேட்டு அடம்பிடித்தாள். ஊசி மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு, ஒரு கரண்டி வைக்கச் சொன்னேன். அவள் மேலுதட்டில் பாயசம் மீசையாக ஒட்டிக்கொள்ள, அவரும் தன் உதட்டில் தடவிக்கொண்டு அவளுக்குக் காட்டினார். பந்தியே திரும்பிப் பார்த்தது.

"கல்யாணத்துல" என்றேன்.

அவர் கால்களைத் தறிக்குழிக்குள் தொங்கவிட்டபடியே உட்கார்ந்திருந்தார். நெய்யவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை.

"சிரிச்சிகினு இருந்தோம்டி" என்றார்.