கடல் பார்த்த அறைக்கு ஒரு நோயாளி

குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால்தான் அவருக்கு வேலை. குழாயில் ஒரு வாரமாகக் காற்றுதான் வருகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்பார். கொடுத்ததை வாங்கி இழுப்பறையில் போடுவார். அந்த இழுப்பறை ஒரு பாழுங்கிணறு. அதில் விழுந்த எதுவும் மேலே வந்ததில்லை.

ஊரார் எழுதிக் கொடுப்பதைப் படிக்காத இந்த மனிதர், தாம் எழுதிக் கொடுப்பதை மட்டும் உலகம் தலைமேல் வைத்துக் கொண்டாட வேண்டும் என்று நினைப்பவர். வருஷத்துக்கு ஒரு தடவை, கூட்டம் குறைந்த மாதமாகப் பார்த்து, மனைவியோடு ஏதாவது ஒரு ரிசார்ட்டுக்குப் போவார். போவதற்கு முந்தின நாள் ஹோட்டல்காரர்கள் போனில் ஆன்லைன் செக்-இன் திறப்பார்கள். பெயர், அடையாள அட்டை, வந்து சேரும் நேரம் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு சின்னப் பெட்டி: 'வேறு ஏதேனும் வேண்டுகோள் உண்டா?' அந்தப் பெட்டியைக் கண்டால் அவருக்குக் குழந்தை திருவிழாவைக் கண்ட மாதிரி.

ஒரு வருஷம் பிறந்த நாள் என்று எழுதினார். கேக் வந்தது. அடுத்த வருஷம் ஒற்றைத் தலைவலி, லிஃப்ட் சத்தம் ஆகாது என்று எழுதினார். மூலையில் பெரிய அறை கிடைத்தது. அதற்கு அடுத்த வருஷம் துணிந்து தேனிலவு என்று எழுதிவிட்டார். கட்டில் முழுக்கப் பூ இதழ்களைத் தூவி வைத்துக் காத்திருந்த ஹோட்டல் பையன், வழுக்கைத் தலையையும் மூட்டுவலித் தைல வாசனையையும் தாண்டி எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை பின்னால வர்றாருங்களா?" என்று கேட்டான். மனைவி அன்று முழுக்கப் பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது மட்டும், "அந்தப் பொண்ணு யாருன்னு சொல்லிடுங்க. நானே வாழ்த்திட்டுப் போயிடுறேன்" என்றாள்.

இத்தனையும் எதற்காக? ஒரு படத்துக்காக. பால்கனிக் கம்பிமேல் இரண்டு கால்களையும் தூக்கிப் போட்டு, கால்களுக்கு நடுவே கடல் தெரிய, போனில் படம் பிடித்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போடுவார். கீழே, 'கேக்குறதுல இருக்கு சூட்சுமம்' என்று எழுதுவார். அலுவலகத்தில் அவருக்கு 'வேண்டுகோள்' என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். பாராட்டு என்று நினைத்துக்கொண்டு அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

இந்த மனிதருக்கு ஓர் அக்கா.

தாய் போன வீட்டில் தாயாக நின்றவள். ஒரு தொழிற்சாலையின் தொலைபேசி அறையில், ஜன்னலே இல்லாத அந்தப் பெட்டிக்குள், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, 'இதோ இணைக்கிறேன்' என்று சொல்லிச் சொல்லியே இளமையைக் கரைத்தவள். யார் யாரையோ யார் யாரோடோ இணைத்தாள். தன்னை யாரோடும் இணைத்துக்கொள்ளவில்லை. தம்பிக்குப் படிப்பு, தம்பிக்கு வேலை, தம்பிக்குக் கல்யாணம் என்று அவள் வரிசையில் அவள் பெயர் வரவே இல்லை. இப்போது குடியிருக்கும் வீட்டிலும் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

போன ஆண்டின் கடைசியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தவள், தம்பி கையைப் பிடித்துக்கொண்டு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று கேட்டாள்.

"நடக்க ஆரம்பிச்சதும் கடல் பக்கம் ஒரு தடவை கூட்டிட்டுப் போடா. மணல்ல இறங்க முடியாது, தெரியும். படுத்தபடியே பார்த்தா போதும்."

"அவ்வளவுதானேக்கா" என்றார் தம்பி. அவர் கண்கூடக் கலங்கியது. கலங்குவதற்கு என்ன செலவு.

இரண்டு அறைகள் பதிவாயின, இரண்டும் அவர் பெயரில். ரிசார்ட்டில் கடலைப் பார்த்த தரைத்தள அறைகள் கொஞ்சம்தான். மற்றவை பின்பக்க மாடிகளில், சலவைக்கூடத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்தவை. புறப்படுவதற்கு முந்தின காலை, சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு அவர் விரல்களைச் சொடுக்கினார். இதில் அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. ஒரே பெயரில் இரண்டு அறை என்றால் ஒன்றுக்குத்தான் வேண்டுகோள் எழுத வேண்டும். இரண்டுக்கும் எழுதினால் பேராசைக்காரன் என்று நினைத்து இரண்டையும் தள்ளிவிடுவார்கள்.

ஆகவே ஒரு பெட்டியில் மட்டும் எழுதினார். 'இந்த அறையில் தங்குபவர் இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனவர். படி ஏற முடியாது. கடலைப் பார்த்த தரைத்தள அறை தேவை.' எழுதியது அக்காவின் இடுப்பு. எழுதிய இடம் தம் அறைக்கான பெட்டி.

"அண்ணி ரூமுக்கு என்ன எழுதுனீங்க?" என்று கேட்டாள் மனைவி. அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஊசி குத்துவதற்கு முன்னால் நரம்பைத் தடவிப் பார்ப்பது போலத்தான் கேள்வியும் கேட்பாள்.

"ஒண்ணும் எழுதல. அங்கதான் லிஃப்ட் இருக்கே."

"அவங்க படுத்துக்கிட்டே கடல் பார்க்கணும்னாங்க."

"மொட்டை மாடியில நின்னா கடல் தெரியாமலா போகும்? நீ போய் உன் ஊசியக் கவனி."

அவர் குளிக்கப் போனார். அந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. மனைவி எடுத்தாள்.

"ரிசார்ட்ல இருந்து பேசுறோம் மேடம்" என்றது ஒரு பெண் குரல். "சார் பேர்ல இருக்குற முதல் ரூம்ல இடுப்பு ஆபரேஷன் ஆன பேஷண்ட் தங்குறதா எழுதியிருக்காங்க. கீழ ஒரே ஒரு ரூம்தான் இருக்கு, ஒதுக்கிட்டோம். பேஷண்ட் சார்தானுங்களா? சக்கர நாற்காலி வைக்கட்டுங்களா?"

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குளியலறையில் பாட்டுச் சத்தம். 'இல்லம்மா, பேஷண்ட் அவரோட அக்கா' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? அங்கே போனதும் கவுன்டரில் நின்று பேசிப் பேசியே மாற்றிக்கொள்வார். இருபது வருஷம் கூட இருந்து பார்த்தவளுக்குத் தெரியாதா?

"வையுங்க" என்றாள். "அவர் ரொம்ப ரோஷக்காரர். எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் நடப்பேன்னு சொல்லுவார். நம்பிடாதீங்க. கீழ விழுந்துட்டா உங்க தலையிலதான் விடியும்."

நாற்காலியைப் பார்த்தால் வெட்கம் வரும், 'எனக்கில்லை, அக்காவுக்கு' என்று சொல்லித்தானே ஆக வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டாள். வெட்கம் என்று ஒன்று அவரிடம் இருப்பதாக அவள் இன்னும் நம்பியிருந்தாள்.

மறுநாள் பகல். ரிசார்ட்டின் முன்கூடம் பளபளவென்றிருந்தது. அக்கா இன்னும் வாசலில், காரிலிருந்து இறங்கி, நான்கு கால் நடைச்சட்டத்தை ஊன்றி ஊன்றி வந்துகொண்டிருந்தாள். கவுன்டரில் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் எழுந்தாள். இரண்டு பணியாளர்கள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"உட்காருங்க சார்."

"எனக்கெதுக்கு?"

"மேடம் சொன்னாங்க, நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு" என்று கனிவாகச் சிரித்தாள் அந்தப் பெண். "அந்த ரூம் நடக்க முடியாதவங்களுக்கு மட்டும்தான் சார். பேஷண்ட் யாரும் இல்லைன்னா சொல்லிடுங்க, வேற ஒரு குடும்பம் காத்துட்டு இருக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் அக்காவின் நடைச்சட்டம் டக், டக் என்று கேட்டது. ஒரு விரலை நீட்டினால் போதும். 'அதோ வர்றாங்களே, அவங்கதான்' என்றால் போதும். தூக்கி வளர்த்த கைகளுக்கு, ஜன்னல் இல்லாத அறையில் தேய்ந்த காதுகளுக்கு, ஒரே ஒரு விரல்.

அவர் இடுப்பில் கை வைத்து, "அம்மா" என்று முனகிக்கொண்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார்.

மனிதன் எவ்வளவு தூரம் கீழே போக முடியும் என்பதற்குச் சக்கரம் வைத்த அடையாளமாக அவர் அங்கே வீற்றிருந்தார். நடக்க முடியாதவள் நடந்து வந்தாள். நடக்க முடிந்தவர் உட்கார்ந்துகொண்டு போனார்.

அக்கா பார்த்துவிட்டாள். நடைச்சட்டம் நின்றது.

"என்னடா இது? என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் இடுப்பு."

"எப்ப இருந்துடா? என்கிட்ட சொல்லவே இல்லையே."

"உனக்கே உடம்பு சரியில்ல. உன்னைக் கவலைப்படுத்தக் கூடாதுன்னுதான்..." என்றார் அவர். நாக்கு கூசவில்லை.

அக்காவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சட்டத்தைப் பிடித்த கையை எடுக்க முடியாததால் துடைக்கவும் இல்லை. "நம்ம அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்" என்றாள். கீழே ஒரே ஒரு அறைதான் இருக்கிறது என்று கவுன்டர் பெண் சொன்னதும் அவளிடம், "எனக்கு மேலயே போதும்மா. அவன் கீழ இருக்கட்டும். கடலாவது ஒண்ணாவது, அவன் நல்லா இருந்தா போதும்" என்றாள்.

மனைவியின் உதடு துடித்தது. ஆனால் அவள் ஊசி போடுகிறவள். கை நடுங்கக் கூடாது.

"அண்ணி, உங்ககிட்ட மறைச்சு என்ன பண்ண" என்றாள். "டாக்டர் இவரை அசையாம படுக்கச் சொல்லியிருக்கார். நான் சொன்னா கேக்குற ஆளா? நீங்க கூடவே இருந்தாத்தான் அடங்குவார். நீங்க ரெண்டு பேரும் கீழ இருங்க. நான் மேல போயிடுறேன்."

"அதெல்லாம் வேணாம்" என்றார் நோயாளி அவசரமாக.

"வாயை மூடுடா. சின்ன வயசுலயும் இப்படித்தான், காய்ச்சலோட வெளையாடப் போவான்" என்றாள் அக்கா. அவள் குரலில் பழைய அதிகாரம் திரும்பியிருந்தது.

அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்று கண்ணாடிக் கதவை ஒட்டி, கடலைப் பார்த்தபடி. அவர் அதை நோக்கிக் கை காட்டினார். பணியாளர் சம்மதிக்கவில்லை. "பேஷண்ட் கட்டில் இதுதான் சார். பாத்ரூம் பக்கம். கைப்பிடி இருக்கு, மணி இருக்கு." குளியலறைச் சுவருக்கும் துணி அலமாரிக்கும் நடுவிலிருந்த கட்டிலில் அவரை இரண்டு பேராகத் தூக்கிப் படுக்க வைத்து, கால்களில் தடித்த உறைகளையும் மாட்டிவிட்டார்கள்.

அன்று மாலை அக்கா மற்றக் கட்டிலில் சாய்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல் நிறம் மாறிக்கொண்டிருந்தது. ஓர் அலை வந்து உடைந்தது. இன்னொன்று வந்தது. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. தம்பிக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று தம்பி மனைவி ஒப்படைத்துவிட்டுப் போன சத்து மாத்திரை அவள் உள்ளங்கையிலேயே ஈரமாகிக் கரைந்தது. தம்பி பிறந்த நாளிலிருந்து முதன்முறையாக அவள் தம்பியை மறந்திருந்தாள்.

நோயாளியின் நிலை வேறு. சாப்பாட்டுக் கூடத்துக்கு அனுமதி இல்லை. உப்புக் குறைத்த சூப் தட்டில் வந்தது, அக்கா ஊதி ஊதிக் கொடுத்தாள். நீச்சல் குளத்திலிருந்து மனைவியின் சிரிப்பு கேட்டது. புரண்டு படுத்தால், "அசையாதேடா." அலுவலகக் குழுவில், 'வேண்டுகோள் சார், கால் எங்கே?' என்று கேட்டிருந்தார்கள். அலமாரிக் கதவைப் படம் பிடித்தா போடுவது?

மனைவி ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். அக்கா குளியலறையில் இருந்தாள்.

"இப்பக்கூட உண்மையச் சொல்லிடலாம்" என்றாள் மெதுவாக.

"சொன்னா அக்கா மனசு ஒடஞ்சிடும்."

"அட, உங்களுக்கு அது வேற தெரியுமா" என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்குப் போனாள்.

புறப்படும் நாள் காலை. அக்கா கண் மூடிக் கிடந்தாள். அவர் பூனை போல எழுந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளி, வெளி வராந்தாவுக்குப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு, உறை மாட்டிய கால்களைக் கம்பிமேல் தூக்கி வைத்து, போனை உயர்த்தினார்.

"டேய்."

அவர் திரும்பினார். அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"நடந்துட்டியாடா?"

அக்கா மறுபடியும் அழ ஆரம்பித்தாள், இந்தத் தடவை சந்தோஷத்தில். சத்தம் கேட்டுப் பயணப் பையோடு வந்த மனைவி வாசலில் நின்றாள்.

"பாரும்மா, எழுந்து நடந்துட்டான். காலைத் தூக்கிக் கம்பி மேலயே வச்சிருக்கான். எல்லாம் இந்தக் கடல் காத்து" என்றாள் அக்கா. பிறகு தம்பியின் தலையைத் தடவிவிட்டு, "அடுத்த வருஷமும் இதே ரூம் கேளுடா. நானும் கூட வர்றேன். உன்னைத் தனியா விட மாட்டேன்" என்றாள்.

"கேப்பார் அண்ணி" என்றாள் மனைவி. "அந்தப் பெட்டியில இனிமே நானே எழுதுறேன்."

அவர் கால்களைக் கீழே இறக்கினார். பணியாளர்கள் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கார் வரைக்கும் அதில்தான் போக வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள்.